டிஃபென்ஸ் அசிஸ்டன்ட் கோச் வேலை: ஏணியா, பரமபதமா?

நாலாவதுடவுன் | 3 ஆகஸ்ட் 2025, மாலை 6.20

அமெரிக்கக் கல்லூரி ஃபுட்பால் பார்க்கிறவர்களுக்கு ஒரு கேள்வி. டிஃபென்ஸ் (எதிரணியைத் தடுக்கும் பிரிவு) பக்கம் அசிஸ்டன்ட் கோச்சாக வளர்வது நேர் ஏணி என்பது என் கட்சி. முதலில் ஜி.ஏ. (முதுகலை படித்துக்கொண்டே வேலை பார்க்கும் கிராஜுவேட் அசிஸ்டன்ட்), பிறகு பொசிஷன் கோச் (ஓர் இடத்து ஆட்டக்காரர்களுக்கு மட்டும்), பிறகு கோஆர்டினேட்டர் (மொத்த டிஃபென்ஸுக்கும் பொறுப்பு), கடைசியில் ஹெட் கோச். ஆட்டம் புரிந்தவன் ஏறுகிறான், புரியாதவன் நிற்கிறான். பிரென்ட் வெனபிள்ஸைப் பாருங்கள். கான்சஸ் ஸ்டேட்டில் லைன்பேக்கராக (டிஃபென்ஸின் முன்வரிசைக்குப் பின்னால் நிற்பவர்) ஆடினார், அங்கேயே ஜி.ஏ., அங்கேயே லைன்பேக்கர் கோச், 1999-ல் ஓக்லஹோமா, 2012-ல் கிளெம்சன், 2021 டிசம்பரில் ஓக்லஹோமாவுக்கே ஹெட் கோச். இதில் வளைவு எங்கே?

ஹாஷ்மார்க் | 3 ஆகஸ்ட் 2025, இரவு 9.05

வளைவு நீங்கள் எழுதிய வரிக்குள்ளேயே இருக்கிறது. 1999-லிருந்து 2003 வரை ஓக்லஹோமாவில் அவர் தனி கோஆர்டினேட்டர் இல்லை, மைக் ஸ்டூப்ஸோடு பங்கு. மைக் அரிசோனாவுக்கு ஹெட் கோச்சாகப் போன பிறகுதான் 2004-லிருந்து முழுப் பொறுப்பு. 2012-ல் மைக் திரும்பி வந்தார், மறுபடி பங்கு போடும் நிலை, வெனபிள்ஸ் கிளெம்சனுக்குக் கிளம்பிவிட்டார். இரண்டு நகர்வுக்கும் காரணம் வேறொருவருடைய வேலை மாற்றம்.

இன்னும் கோணலாக வேண்டுமா? கிர்பி ஸ்மார்ட். 2001-ல் வால்டோஸ்டா ஸ்டேட்டில் டிஃபென்சிவ் கோஆர்டினேட்டர். 2002-ல் ஃப்ளோரிடா ஸ்டேட்டில் ஜி.ஏ. கோஆர்டினேட்டர் நாற்காலியை விட்டு இறங்கி, முதுகலை மாணவராகச் சேர்ந்து, கார்டு வரையப் போனார். 2004-ல் எல்.எஸ்.யு.வில் டிஃபென்சிவ் பேக் கோச். 2005-ல் ஜார்ஜியாவில் ரன்னிங் பேக் கோச், அதாவது டிஃபென்ஸ் பக்கமே இல்லை. 2006 தொழில்முறை லீக்கான என்.எஃப்.எல்.லில் மயாமி டால்ஃபின்ஸ், 2007 அலபாமா, 2008-லிருந்து 2015 வரை அங்கேயே கோஆர்டினேட்டர்.

டேவ் அராண்டா காயங்களால் கல்லூரியில் ஆடவே இல்லை. டெக்சஸ் டெக்கில் ஜி.ஏ., ஹூஸ்டனில் லைன்பேக்கர் கோச், அங்கிருந்து கீழ்ப்பிரிவான டிவிஷன் 3-ல் இருக்கும் கால் லூதரன், அப்புறம் டெல்டா ஸ்டேட், ஹவாய், யூட்டா ஸ்டேட், விஸ்கான்சின், எல்.எஸ்.யு. கடைசி இடத்தில் 2018 ஜனவரியில் 4 வருஷத்துக்கு 1 கோடி டாலர் ஒப்பந்தம். 2020-ல் பெய்லர் ஹெட் கோச்.

இது பரமபத அட்டை. தாயம் உருட்டுவது பெரும்பாலும் வேறு ஆள்.

நாலாவதுடவுன் | 3 ஆகஸ்ட் 2025, இரவு 9.31

சரி, ஸ்மார்ட் விஷயம் தெரியாது. ஆனால் 'கார்டு வரைவது' என்றால் என்ன? ஜி.ஏ. வேலை விளம்பரம் எதைப் பார்த்தாலும் 'மற்றும் ஒப்படைக்கப்படும் பிற பணிகள்' என்று முடிகிறது.

ஹாஷ்மார்க் | 4 ஆகஸ்ட் 2025, காலை 7.50

பிற பணிகள்தான் பணி.

முதலாவது ஃபிலிம் பிரேக்டவுன். எதிரணியின் கடைசி 4 ஆட்டங்கள் என்பது வழக்கமான அளவு. ஓர் ஆட்டத்துக்கு அஃபென்ஸ் (பந்து வைத்திருக்கும் பிரிவு) 70 ஸ்னாப் (பந்து கிளம்பும் ஒவ்வொரு முறையும் ஒன்று) என்று வைத்தால் 280 ஸ்னாப். ஒவ்வொன்றுக்கும் ஒரு வரி. வரியில் டவுன் (எத்தனையாவது முயற்சி), தூரம், யார்டு கோடு, ஹாஷ் (பந்து வைக்கும் குறி), பெர்சனெல் (எந்த வகை ஆட்கள்), ஃபார்மேஷன் (நிற்கும் அமைப்பு), பலம் எந்தப் பக்கம், ரன்னிங் பேக் நின்ற இடம், மோஷன் (ஸ்னாப்புக்கு முந்தைய நகர்வு), ஓட்டமா பாஸா, பிளேயின் பெயர், திசை, கிடைத்த யார்டு, முடிவு, எதிரில் நின்ற டிஃபென்ஸ் என 15 கட்டம். மொத்தம் 4200 கட்டம். ஸ்னாப் ஒவ்வொன்றும் இரண்டு கோணத்தில் வரும். பக்கவாட்டு உயரக் கோணத்தில் 22 பேரும் தெரிவார்கள்; ஃபார்மேஷனும் ரூட்டும் அதில் எடுக்க வேண்டும். எண்ட்ஸோன் கோணத்தில்தான் லைன் எப்படி பிளாக் செய்தது, எந்த கேப் (லைன் ஆட்களுக்கு நடுவிலான இடைவெளி) திறந்தது என்பது புரியும். 3 தடவை ஓட்டாமல் ஒரு வரி நிரம்பாது. இதில் கோச்கள் இந்த வார எதிரணியைப் பேசிக்கொண்டிருக்கும்போது ஜி.ஏ. அடுத்த வார எதிரணியை முடித்திருக்க வேண்டும்.

எங்கே கெடும்? பெர்சனெல் கட்டத்தில். முதல் இலக்கம் ரன்னிங் பேக் எண்ணிக்கை, இரண்டாவது டைட் எண்ட் (லைன் ஓரத்தில் நின்று பிளாக்கும் செய்வார், பந்தும் பிடிப்பார்) எண்ணிக்கை. 11 என்றால் ஒரு பேக், ஒரு டைட் எண்ட், மிச்சம் 3 ரிசீவர். டைட் எண்டே பின்னால் வந்து எச்-பேக்காக நின்றால் ஒரு ஜி.ஏ. அதை 11 என்பார், இன்னொருவர் 20 என்பார். கம்ப்யூட்டருக்கு அது இரண்டு வெவ்வேறு குழு. உதாரணத்துக்கு, 40 ஸ்னாப்பில் 30 ஓட்டம் என்று வர வேண்டிய கணக்கு, ஒரு பக்கம் 22-க்கு 18, மறுபக்கம் 18-க்கு 12 என்று உடையும். முதலாவதைப் பார்த்தால் கண்ணை மூடிக்கொண்டு ஓட்டத்துக்கு நிறுத்தலாம் போலிருக்கும், இரண்டாவது மூன்றில் இரண்டுதான். இரண்டும் பொய். இதற்கு மருந்து, பிரேக்டவுன் தொடங்கும் முன்பே ஜெர்சி எண் பட்டியல் ஒன்றைச் சுவரில் ஒட்டுவது: 87 எங்கே நின்றாலும் டைட் எண்ட், 34 எங்கே நின்றாலும் பேக். ஆளை எண்ணு, நின்ற இடத்தை எண்ணாதே.

இரண்டாவது கார்டு. எதிரணியின் பிளேயை நம் ஸ்கவுட் அணிப் பையன்கள் ஆடிக்காட்ட வேண்டும். அவர்களுக்கு எதிரணியின் பெயர்கள் தெரியாது, தெரியவும் வேண்டாம். தடித்த மார்க்கரில் வட்டமும் அம்பும் வரைந்து, பிளாஸ்டிக் உறையில் போட்டு, ஹடிலில் தூக்கிப் பிடிக்க வேண்டும். புது ஜி.ஏ. செய்யும் தவறு, தன் டிஃபென்ஸ் பிளேபுக்கில் இருக்கும் கோணத்திலேயே வரைவது. கார்டைப் பார்க்கிறவன் அஃபென்ஸ் பக்கம் நிற்கிறான், அவனுக்கு இடம் வலம் தலைகீழ். பையன் தப்பான பக்கம் ஓடுவான், டிஃபென்ஸ் தப்பாகக் கற்றுக்கொள்ளும், ஒரு ரெப் (பயிற்சியில் ஒரு தடவை ஆடுவது) வீண். திட்டு ஸ்கவுட் பையனுக்கு விழாது.

பின்குறிப்பு: ஃபிலிம் பார்க்கும் மென்பொருள் ஒன்றின் பெயரும் 'ஹடில்'தான். நான் மேலே சொன்னது ஆட்கள் கூடி நிற்கும் ஹடில்.

சேஃப்டிபின்னால் | 4 ஆகஸ்ட் 2025, மதியம் 1.15

ஆக எம்.ஏ. அட்மிஷன், போர்டு எழுதுகிற வேலை. க்யூ.சி. (குவாலிட்டி கன்ட்ரோல்), அனலிஸ்ட் என்று வேறு ஒரு கூட்டம் இருக்கிறதே, அவர்களையும் சொல்லுங்கள்.

ஹாஷ்மார்க் | 5 ஆகஸ்ட் 2025, இரவு 10.10

அவர்கள் படிக்க வேண்டியதில்லை, முழு நேர ஊழியர்கள். ஃபிலிம், கால் ஷீட் (ஆட்டத்தில் கூப்பிட வேண்டிய உத்தரவுகள், அதாவது 'கால்'களின் தாள்) தயாரிப்பு, எதிரணி அறிக்கை என்று எல்லாம் செய்யலாம். ஆனால் பயிற்சி மைதானத்தில் ஆட்டக்காரனிடம் 'காலை இங்கே வை' என்று வாய் திறக்கக் கூடாது. அந்த உரிமை ஹெட் கோச், 10 அசிஸ்டன்ட் (2018 ஜனவரிக்கு முன் 9), ஜி.ஏ.க்கள், இவர்களுக்குத்தான். அதனால்தான் ஸ்மார்ட் மாதிரி ஆட்கள்கூட ஜி.ஏ. இடத்தை மதித்தார்கள். சம்பளம் குறைவு, பேசும் உரிமை உண்டு.

சேஃப்டிபின்னால் | 5 ஆகஸ்ட் 2025, இரவு 10.42

பழைய சங்கதி சார். 2024 ஜூனில் கல்லூரி விளையாட்டை நிர்வகிக்கும் என்.சி.ஏ.ஏ. அதை எடுத்துவிட்டது. இப்போது எந்த ஊழியரும் பயிற்சியிலும் ஆட்டத்திலும் சொல்லித்தரலாம்.

ஹாஷ்மார்க் | 5 ஆகஸ்ட் 2025, இரவு 11.00

ஆமாம், தப்பு என்னுடையது. மேலே உள்ளதை 2024-க்கு முன் என்று வாசிக்கவும்.

ஹாஷ்மார்க் | 6 ஆகஸ்ட் 2025, காலை 6.35

ராத்திரி யோசித்தால் இது திருத்தத்தோடு முடிகிற விஷயம் இல்லை. அந்த மாற்றத்தில் ஒன்று மட்டும் மாறவில்லை: கல்லூரிக்கு வெளியே போய் ரெக்ரூட் செய்யும் (ஹைஸ்கூல் பையன்களை அணிக்குச் சேர்க்கும்) உரிமை இன்னும் ஹெட் கோச்சுக்கும் 10 அசிஸ்டன்டுக்கும்தான். முன்பு அந்த 10 நாற்காலியின் மதிப்பு, சொல்லித்தருவதும் ரெக்ரூட்டும் சேர்ந்தது. இப்போது சொல்லித்தருவது எல்லோருக்கும் பொது. மிச்சம் இருக்கும் தனி உரிமை ரெக்ரூட் மட்டுமே. லைன்பேக்கர் டெக்னிக் நன்றாகத் தெரிந்து, ரெக்ரூட்டில் மந்தமாக இருக்கும் ஆளை ஹெட் கோச் அனலிஸ்டாக வைத்துக்கொண்டு, அந்த நாற்காலியை வீட்டுக்கு வீடு போகிறவருக்குக் கொடுக்கலாம். ஜி.ஏ.வின் பழைய சலுகையும் கரைந்துவிட்டது.

ஆக 'புரிந்தவன் ஏறுகிறான்' என்ற கட்சி 2024-க்குப் பிறகு இன்னும் பலவீனம்.

நாலாவதுடவுன் | 6 ஆகஸ்ட் 2025, காலை 9.20

ரெக்ரூட் என்றால் உண்மையில் நாள் எப்படிப் போகும்?

ஹாஷ்மார்க் | 7 ஆகஸ்ட் 2025, இரவு 8.30

அசிஸ்டன்ட் ஒவ்வொருவருக்கும் ஒரு நிலப்பரப்பு: அட்லாண்டாவின் ஒரு பகுதி, டாலஸைச் சுற்றி, தெற்கு ஃப்ளோரிடா என்று. அங்குள்ள ஹைஸ்கூல் கோச்களை எல்லாம் தெரிந்து வைத்திருக்க வேண்டும். வசந்தகால மதிப்பீடு ஏப்ரல் நடுவிலிருந்து மே கடைசிவாக்கு வரை. பையனைப் பார்க்கலாம், அவன் கோச்சிடம் பேசலாம். ஒரு நாளில் 5, 6 ஸ்கூல் முடிக்கிறவர்கள் உண்டு. காலை வெயிட் ரூம் நேரத்தில் தொடங்கி மாலை ப்ராக்டிஸ் வரை.

கூர்மையான கோச் பையனின் ஹைலைட் வீடியோவோடு நிறுத்த மாட்டார், முழு ஆட்டத்தையும் கேட்பார். ஹைலைட்டில் கார்னர் (எதிரணி ரிசீவரை மறிப்பவன்) எல்லாப் பந்தையும் பிடிப்பான். முழு ஆட்டத்தில்தான் தன் பக்கம் வராத ஓட்டத்தை அவன் நடந்து பார்க்கிறானா, துரத்துகிறானா என்று தெரியும். டிஃபென்சிவ் லைனுக்கு கூடைப்பந்து ஆட்டத்தைப் போய்ப் பார்ப்பார்கள். 125 கிலோ பையன் ரீபவுண்டுக்கு எப்படிக் கால் மாற்றுகிறான் என்பதை எந்த கேம்ப்பும் அந்த அளவுக்குக் காட்டாது.

இது முன்பு பிப்ரவரியில் உச்சம் அடையும் வேலை. 2017 டிசம்பரில் முன்கூட்டியே கையெழுத்திடும் காலம் வந்தது, 2018 அக்டோபரில் டிரான்ஸ்ஃபர் போர்ட்டல் (கல்லூரி மாற விரும்புகிறவர்களின் பட்டியல்) வந்தது, 2021 ஜூலையிலிருந்து பையன்கள் தங்கள் பெயருக்குப் பணம் வாங்கலாம். 2024 டிசம்பர் வரை டிசம்பரில் ஓர் அசிஸ்டன்ட் ஒரே சமயத்தில் சீசன் கடைசி பவுல் ஆட்டத்துக்குத் தயார் செய்தார், கையெழுத்து வாங்கினார், போர்ட்டலில் தேடினார், தன் அறையில் இருக்கும் பையன்கள் ஓடாமல் பார்த்துக்கொண்டார், தனக்கே வேறு வேலை தேடினார். கடைசி இரண்டில் எது முதலில் என்று கேட்கக் கூடாது.

சேஃப்டிபின்னால் | 9 ஆகஸ்ட் 2025, மாலை 5.00

ரெக்ரூட் ரெக்ரூட் என்று சொல்லித்தருவதைக் கைகழுவிவிட்டீர்கள். டிஃபென்சிவ் லைன் கோச் ஒருவர் 15 நிமிஷ இண்டியில் (பொசிஷன்வாரியான தனிப் பயிற்சி) செய்வதை அனலிஸ்ட் செய்ய முடியுமா?

ஹாஷ்மார்க் | 10 ஆகஸ்ட் 2025, காலை 8.15

நியாயம். பயிற்சி 5 நிமிஷ பீரியடுகளாக ஓடும், ஹார்ன் அடிக்கும், மாறும். 24 பீரியட் என்றால் 2 மணி நேரம். அதில் பொசிஷன் கோச்சுக்குத் தனியாகக் கிடைப்பது 3 பீரியட். சீசனில் ஆட்டக்காரனிடம் எடுக்கக்கூடியது வாரத்துக்கு 20 மணி, நாளுக்கு 4 மணி, ஒரு நாள் கட்டாய ஓய்வு. அந்த 15 நிமிஷம் பொன்.

லைன் கோச் கையில் ஒரு குச்சி பார்த்திருப்பீர்கள், முனையில் பந்து. தரையில் பந்தை வைத்து, குச்சியை அசைத்ததும் பையன்கள் பாய வேண்டும். சத்தத்துக்கு அல்ல, பந்து அசைவுக்குக் கிளம்பப் பழக்குவதுதான் நோக்கம். இதிலும் கெடுவது உண்டு. கோச் குச்சியை இழுக்கும் முன் தோளை ஏற்றினால், பையன்கள் இரண்டு நாளில் தோளைப் படித்துவிடுவார்கள். பயிற்சியில் மின்னல், சனிக்கிழமை ஆட்டத்தில் ஆஃப்சைடு (ஸ்னாப்புக்கு முன்பே தாண்டும் தவறு). தெரிந்த கோச் மணிக்கட்டை மட்டும் திருப்புவார், அல்லது பையன்கள் முகம் பார்க்க முடியாத பக்கம் நிற்பார்.

டைட் ஃப்ரண்ட் என்ற மூவர் முன்வரிசைக்கும் இதே கதை. நோஸ் நேரே சென்டர் மேல், இரண்டு எண்டும் டேக்கிளின் உள்கண்ணுக்கு நேரே, அதாவது 4ஐ. பி கேப் (டேக்கிளின் உள்பக்க இடைவெளி) இரண்டும் அடைபடும், ஓட்டம் வெளியே தள்ளப்படும், உள்ளே லைன்பேக்கர் எண்ணிக்கையில் ஓர் ஆள் மிச்சம். ஆட்களைப் பரப்பி நிறுத்தும் ஸ்ப்ரெட் அஃபென்ஸுக்கு எதிராக இது பரவியதில் 2017 அயோவா ஸ்டேட்டுக்குப் பெரிய பங்கு. 4ஐ எண்ட் தப்பான கையால் டேக்கிளைப் பிடிக்கப் போனால் தோள் திரும்பிவிடும், டேக்கிள் அவனை வெளியே தள்ளிக்கொண்டே போவான், அடைத்த கேப் திறந்துகொள்ளும். மேலிருந்து பார்ப்பவருக்கு லைன்பேக்கர் தாமதம் போலத் தெரியும். தவறு எண்டின் கையில். இதை ஃபிலிம் அறையில் கண்டுபிடிக்கிற ஆளும், செவ்வாய்க்கிழமை அந்தக் கையை மாற்றுகிற ஆளும் ஒருவராகவே இருக்க வேண்டியதில்லைதான். இரண்டாமவர் கிடைப்பது கடினம்.

லாரி ஜான்சன் கோஆர்டினேட்டர் நாற்காலியைத் துரத்தாமலேயே 1996-லிருந்து 2013 வரை பென் ஸ்டேட்டிலும், 2014-லிருந்து ஓஹையோ ஸ்டேட்டிலும் இருக்கிறார். லைன் கோச் என்பது படி இல்லை, அதுவே ஒரு வீடு. போசா சகோதரர்களும் சேஸ் யங்கும் அவர் அறையிலிருந்து போனவர்கள்.

நாலாவதுடவுன் | 10 ஆகஸ்ட் 2025, மாலை 4.40

அப்படியானால் கோஆர்டினேட்டர் ஆக எந்தப் பொசிஷன் நல்லது?

ஹாஷ்மார்க் | 10 ஆகஸ்ட் 2025, இரவு 9.25

என் அபிப்ராயம்: லைன்பேக்கர் அல்லது சேஃப்டி (டிஃபென்ஸின் கடைசி வரிசையில் நிற்பவர்). ஓட்டத்துக்கு எந்த கேப் யாருக்கு, பாஸுக்கு யார் யாரை எடுப்பது, இரண்டும் சந்திக்கும் இடம் அது. ஆர்.பி.ஓ. (ஓட்டமா பாஸா என்று ஸ்னாப்புக்குப் பிறகு முடிவெடுக்கும் பிளே) குறிவைப்பதும் அங்கேதான். கல்லூரியில் அஃபென்சிவ் லைன் 3 யார்டு வரை முன்னே போகலாம் (என்.எஃப்.எல்.லில் 1), அதனால் லைன்பேக்கருக்கு ஓட்டம் என்று தோன்றும் அதே கணத்தில் அவன் முதுகுக்குப் பின்னால் ஸ்லான்ட் பாஸ் போகிறது.

சேஃப்டி கோச்சுக்கு இன்னொரு பாடம் இலவசமாகக் கிடைக்கும்: ஹாஷ். மைதான அகலம் 160 அடி. கல்லூரி ஹாஷ் பக்கக் கோட்டிலிருந்து 60 அடி. இடது ஹாஷில் பந்து இருந்தால் ஒரு பக்கம் 60 அடி, மறுபக்கம் 100 அடி. என்.எஃப்.எல்.லில் ஹாஷ் 70 அடி 9 அங்குலம் உள்ளே, அதனால் வித்தியாசம் சின்னது. கல்லூரியில் 'அகலப் பக்க சேஃப்டி', 'ஒடுக்கப் பக்க கார்னர்' என்று ஆளையே பிரிக்க வேண்டியிருக்கிறது. அகலப் பக்கம் வேகமான ஆள், ஒடுக்கப் பக்கம் தனியாக அடித்து நிறுத்தும் ஆள். என்.எஃப்.எல்.லிலிருந்து வருகிற கோச் முதல் மாதம் தடுமாறுவது இதில்தான்.

ஹாஷ்மார்க் | 12 ஆகஸ்ட் 2025, இரவு 11.10

தனிச் செய்தியில் கேட்டவருக்கு: வாரம் எப்படி ஓடும்.

ஞாயிறு, முந்தைய ஆட்டத்துக்கு மதிப்பெண். ஸ்னாப்புக்கு ஸ்னாப், தன் வேலையைச் செய்தானா, டெக்னிக், முயற்சி என்று மூன்றாக. பந்தை நோக்கி ஓடாமல் மெதுவான ஸ்னாப்புகளைத் தனியாக எண்ணுவார்கள்; அந்தத் தாள் மட்டும் எல்லோர் முன்னாலும் வாசிக்கப்படும். அன்று இரவே அடுத்த அணி. செவ்வாய் முதல், இரண்டாம் டவுன். புதன் மூன்றாம் டவுன்: 1 முதல் 3, 4 முதல் 6, 7-க்கு மேல் என்று மூன்று பெட்டி. வியாழன் ரெட் ஸோன் (கோல் லைனுக்கு முந்தைய 20 யார்டு), இரண்டு நிமிஷம், கோல் லைன், இரண்டு பாயின்ட் முயற்சி. வெள்ளி நடைப் பயிற்சி.

இளம் கோஆர்டினேட்டர்கள் மண்ணைக் கவ்வுவது கால் ஷீட் நீளத்தில். மூன்று நாள் டீம் பீரியடில் நாளுக்கு 30 ரெப் என்றால் மொத்தம் 90. ஷீட்டில் 60 கால் எழுதினால் ஒரு காலுக்கு ஒன்றரை ரெப். அந்த ஒன்றரையும் ஒரே ஃபார்மேஷனுக்கு எதிராக இருந்திருக்கும். சனிக்கிழமை மோஷன் வந்ததும் ஒருவர் பழையபடி நிற்பார், ஒருவர் புதியபடி நிற்பார், நடுவில் ஒரு டைட் எண்ட் தனியாகப் போவார்.

சேஃப்டிபின்னால் | 13 ஆகஸ்ட் 2025, காலை 7.30

ஹெல்மெட்டில் ரேடியோ வந்த பிறகு இந்தக் குழப்பம் குறைந்திருக்குமே?

ஹாஷ்மார்க் | 13 ஆகஸ்ட் 2025, இரவு 8.00

பாதி. 2024-லிருந்து டிஃபென்ஸில் ஒரே ஒருவர் ஹெல்மெட்டில் ஸ்பீக்கர், பின்னால் பச்சைப் புள்ளி. பிளே கிளாக் 40-லிருந்து 15 வரை, அல்லது ஸ்னாப் வரை, எது முதலோ அதுவரை பேசலாம். கேட்பவர் வழக்கமாக நடு லைன்பேக்கர். அவர் மற்ற 10 பேருக்குச் சொல்ல வேண்டும். சொந்த மைதானத்தில் நம் ரசிகர்கள் கத்துவது எதிரணி பந்து வைத்திருக்கும்போதுதான், அதாவது நம் டிஃபென்ஸ் நிற்கும்போது. கார்னருக்கு ஒரு சொல் கேட்காது. அதனால் கைசைகை போகவில்லை. மேலே கோச்கள் உட்காரும் பாக்ஸில் ஒருவர் பேச, ஓரத்தில் இன்னொருவர் சைகை காட்ட, இரண்டும் ஒத்துப்போக வேண்டும். பச்சைப் புள்ளிக்காரர் காயம்பட்டால் மாற்று ஹெல்மெட் தயாராக இருக்கிறதா என்று பார்ப்பது யார் வேலை? ஜி.ஏ. பிற பணிகள்.

நாலாவதுடவுன் | 16 ஆகஸ்ட் 2025, இரவு 7.45

ஒன்றை மட்டும் ஒப்புக்கொள்ளுங்கள். படியைத் தாண்ட முடியாது. அனலிஸ்ட் நேராக கோஆர்டினேட்டர் ஆக முடியாதுதானே?

ஹாஷ்மார்க் | 16 ஆகஸ்ட் 2025, இரவு 8.20

பெரிய இடத்தில் முடியாது என்றுதான் நானும் சொல்வேன்.

சேஃப்டிபின்னால் | 16 ஆகஸ்ட் 2025, இரவு 8.26

வெஸ் குட்வின்.

ஹாஷ்மார்க் | 17 ஆகஸ்ட் 2025, காலை 10.40

ஐயா, மாட்டிக்கொண்டேன். 2021 டிசம்பரில் வெனபிள்ஸ் போனதும் கிளெம்சன் டிஃபென்ஸை எடுத்து நடத்தியது மைதானத்துக்கு வெளியே வேலை பார்த்துக்கொண்டிருந்த குட்வின்தான். நம் நாலாவதுடவுன் ஏணிக்கு உதாரணம் சொன்ன அதே வெனபிள்ஸின் நாற்காலி.

அந்த நாற்காலியைத் தொடர்ந்து பாருங்கள். 2025 ஜனவரியில் குட்வின் நீக்கம். இடத்துக்கு வந்தவர் பென் ஸ்டேட் கோஆர்டினேட்டர் டாம் ஆலன். அவர் 2023 வரை இண்டியானாவில் ஹெட் கோச், அங்கே வேலை போனவர். பென் ஸ்டேட்டில் காலியான இடத்துக்கு ஓஹையோ ஸ்டேட்டின் ஜிம் நோல்ஸ். ஓஹையோ ஸ்டேட் ஜனவரி 20-ம் தேதி நோட்ர டேமை 34-23 என்று வென்று சாம்பியன் ஆனது; மாதம் முடிவதற்குள் அவர் போய்விட்டார், ஆண்டுக்கு சுமார் 31 லட்சம் டாலர் என்று செய்தி. ஓஹையோ ஸ்டேட்டுக்கு மேட் பட்ரீசியா, என்.எஃப்.எல்.லில் ஹெட் கோச்சாக இருந்தவர். தோற்ற பக்கம்? நோட்ர டேம் கோஆர்டினேட்டர் ஆல் கோல்டன், 2024-ன் சிறந்த அசிஸ்டன்டுக்கான பிராய்ல்ஸ் விருது வாங்கியவர், அவரும் அதே மாதம் என்.எஃப்.எல். அணியான சின்சினாட்டி பெங்கால்ஸுக்கு. இறுதி ஆட்டத்தில் இரண்டு டிஃபென்ஸையும் நடத்திய இருவரும் ஜனவரியிலேயே பெட்டி கட்டிவிட்டார்கள்.

கீழே இருப்பவர்களுக்கு இது என்ன செய்யும் என்றால், புதியவர் தன்னோடு ஒருவரையோ இருவரையோ கூட்டி வருவார், அதற்கு ஒருவரோ இருவரோ வெளியேற வேண்டும். மிஞ்சியவர்கள் புது மொழி கற்க வேண்டும். போன வருஷம் வரை ஒரு பெயரில் இருந்த அதே கவரேஜுக்குப் புதுப் பெயர், பழைய பெயர் இப்போது ஒரு பிளிட்ஸைக் குறிக்கும். வசந்தகாலப் பயிற்சி 15 நாள்தான், அதற்குள் பழைய கட்-அப் (வெட்டித் தொகுத்த ஃபிலிம்) எல்லாவற்றுக்கும் பெயர் மாற்ற வேண்டும். யார் செய்வார் என்று இனிக் கேட்க மாட்டீர்கள்.

சேஃப்டிபின்னால் | 17 ஆகஸ்ட் 2025, மாலை 6.10

பட் ஃபாஸ்டர் வர்ஜீனியா டெக்கில் 1987-லிருந்து 2019 வரை. பெட்டியே கட்டவில்லை. தன் டிஃபென்ஸின் சின்னமான சாப்பாட்டு டப்பாவை மட்டும் தூக்கிக்கொண்டு ஆட்டத்துக்குப் போனார்.

ஹாஷ்மார்க் | 17 ஆகஸ்ட் 2025, இரவு 9.50

ஃபாஸ்டர் பெட்டி கட்டாததற்குக் காரணம் ஃப்ராங்க் பீமர் 2015 வரை ஹெட் கோச்சாக இருந்தது. முர்ரே ஸ்டேட்டிலிருந்து அவரோடு வந்தவர். ஹெட் கோச் நிலைத்தால் அசிஸ்டன்ட் நிலைப்பார். வேறு வழியில் நிலைத்தவர் எனக்கு அதிகம் தெரியாது, லாரி ஜான்சன் போல ஒரு சிலர்.

ஒப்பந்தத்தையும் இதோடு பார்க்க வேண்டும். பொசிஷன் கோச்சுக்கு வழக்கமாக 1 அல்லது 2 வருஷம், கோஆர்டினேட்டருக்கு 3 வரை. முடியும் தேதி ஜனவரி அல்லது பிப்ரவரிக் கடைசி, அதாவது வேலைச் சந்தை அடங்கிய பிறகு. வாசிக்க வேண்டிய மூன்று இடங்கள்: ஹெட் கோச் போனால் இவர் ஒப்பந்தம் என்ன ஆகும், நீக்கினால் மிச்சச் சம்பளத்திலிருந்து புது வேலைச் சம்பளத்தைக் கழிப்பார்களா, தானாகப் போனால் கட்ட வேண்டிய தொகையும் ஹெட் கோச் பதவிக்குப் போனால் அது தள்ளுபடியா என்பதும். பெரிய ஆட்களுக்கு நீக்கமே லாபமாகலாம். அராண்டாவுக்குப் பிறகு எல்.எஸ்.யு. வந்த போ பெலினி 2020 சீசன் ஒன்றோடு போனார், கையில் 40 லட்சம் டாலர். ஜி.ஏ.வுக்கு அப்படி ஒரு பிரிவு கிடையாது.

நாலாவதுடவுன் | 18 ஆகஸ்ட் 2025, காலை 8.00

ஏணிக் கட்சியிலிருந்து விலகுகிறேன். ஆனால் நோல்ஸ் விஷயத்தில் ஒன்று: 31 லட்சம், தரவரிசையில் டாப் 2-ல் தொடங்கும் அணி. இதற்கு மேல் அசிஸ்டன்டுக்குப் பத்திரமான இடம் இருக்க முடியாது.

ஹாஷ்மார்க் | 13 அக்டோபர் 2025, காலை 7.05

இழையை எழுப்புவதற்கு மன்னிக்கவும். மேலே உள்ள 18 ஆகஸ்ட் குறிப்பைப் பாருங்கள், பிறகு இதை வாசியுங்கள்.

நோல்ஸ் போன பென் ஸ்டேட் வரிசையாகத் தோற்றது. செப்டம்பர் 27, ஓரிகனிடம் இரண்டாவது ஓவர்டைமில் 30-24. அக்டோபர் 4, அதுவரை ஒரு வெற்றிகூட இல்லாத யு.சி.எல்.ஏ.விடம் 42-37. சனிக்கிழமை நார்த்வெஸ்டர்னிடம் 22-21. நேற்று ஹெட் கோச் ஜேம்ஸ் ஃப்ராங்க்ளின் நீக்கம், அவருக்குச் சேர வேண்டியது 4.9 கோடி டாலர் அளவில் என்கிறார்கள். 42 பாயின்ட் விட்டது நோல்ஸின் டிஃபென்ஸ்தான், ஆனால் அவர் வேலை கேள்விக்குறியானது அதனால் மட்டும் இல்லை. அவரைக் கூப்பிட்டு வந்த ஹெட் கோச்சே இப்போது இல்லை.

நாலாவதுடவுன் | 13 அக்டோபர் 2025, காலை 7.40

பார்த்தேன். வாயைக் கழுவிக்கொண்டேன். இடைக்கால ஹெட் கோச் யார், நோல்ஸா?

ஹாஷ்மார்க் | 13 அக்டோபர் 2025, காலை 8.15

இல்லை. டெர்ரி ஸ்மித், கார்னர்பேக் கோச். பென் ஸ்டேட்டிலேயே ரிசீவராக ஆடியவர், பிட்ஸ்பர்க் பக்கத்தில் ஹைஸ்கூல் கோச்சாக இருந்தவர், ஒரு வருஷம் டெம்பிள், 2014-லிருந்து இங்கேதான். இரண்டு கோஆர்டினேட்டரையும் தாண்டி ஒரு பொசிஷன் கோச்சிடம் சாவி போனது. பையன்களை யாருக்குத் தெரியும், அவர்கள் வீட்டாரை யாருக்குத் தெரியும் என்று பார்த்தால் ஆச்சரியம் இல்லை.

சேஃப்டிபின்னால் | 13 அக்டோபர் 2025, காலை 8.30

அடுத்தது அயோவா, சனிக்கிழமை. அந்தக் கட்டடத்தில் இன்று யார் வேலை பார்ப்பார்கள்?

ஹாஷ்மார்க் | 13 அக்டோபர் 2025, காலை 8.52

எல்லோரும்தான். நோல்ஸ் முதல் டவுன் கால்களை எழுதுவார். பொசிஷன் கோச்கள் ஒரு காதில் போன் வைத்துக்கொண்டு ரெக்ரூட் பையன்களைச் சமாதானம் செய்வார்கள், இன்னொரு போனில் நண்பர்களுக்கு வேலை விசாரித்துச் செய்தி அனுப்புவார்கள். அயோவா பிரேக்டவுன் போன வாரமே முடிந்திருக்கும். அயோவாவுக்குப் பிறகு ஒரு வாரம் ஆட்டம் இல்லை, நவம்பர் 1-ம் தேதி ஓஹையோ ஸ்டேட். ஆகவே ஜி.ஏ. மேசையில் இப்போது ஓடுவது நோல்ஸின் பழைய அணி. 4 ஆட்டம், 4200 கட்டம், சுவரில் ஜெர்சி எண் பட்டியல்.